ரவாங்கில் சுற்றிய நீலப் புள்ளி

அம்மா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. மளிகைச் சாமான் வாங்கக் காலையில் காரை எடுத்தேன். இஞ்சின் உறுமியதும் போன் திரையில் ஒரு வரி வந்தது. ‘அம்மா வீடு. வழியில் நெரிசல் இல்லை.’ நான் எங்கே போகிறேன் என்று அது கேட்கவே இல்லை. ஞாயிறு காலையில் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து இவள் கிள்ளானுக்குத்தான் போவாள் என்று தானாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறது. உன் வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் வாடகைக்கு இருப்பது அதற்குத் தெரியாது. அந்த வரியை விரலால் தள்ளிவிட மனம் வரவில்லை. சாமானும் வாங்கவில்லை. வீட்டுக்குள் திரும்பி வந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் வாழ்ந்தோம், உனக்கு நினைவிருக்கும். உன் மருமகன் துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டுகிறவர். அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு வேகத்தில் போகிறார் என்று கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பார்கள். உன் பேத்தியின் பள்ளி வேன் எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே நான் தோசை சுடுவேன். பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குப் போகும் தினசரிப் பாதையைக்கூட வழி சொல்லும் போன் குரலைக் கேட்டுத்தான் ஓட்டினேன். “தெரிஞ்ச ரோட்டுக்கும் அந்தப் பொம்பளகிட்ட எதுக்குடி வழி கேக்கற?” என்று நீ பக்கத்து சீட்டிலிருந்து சிரிப்பாய்.

அப்பா போன பிறகு உன்னையும் என் போன் வரைபடத்தில் சேர்த்தேன். அன்று நீ அடுப்படியில் வடை பொரித்துக்கொண்டிருந்தாய். மேசைமேல் கிடந்த உன் போனை எடுத்து நாலைந்து தடவை அழுத்தினேன். “என்னமா பண்ற?” என்றாய். “அவசரத்துக்குமா. ஏதாச்சும்னா நாங்க ஓடி வரலாம்ல.” “சரி, என்னமோ பண்ணு.” அவ்வளவுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் உனக்கு விளக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ இருக்கும் இடத்தைக் காட்ட உனக்கு ஒரு நீலப் புள்ளி கொடுத்தேன்.

அதன் பிறகு உன் நாள் முழுவதும் என் கையில் இருந்தது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாய், கோயிலுக்குப் போனாய், பக்கத்துத் தெருத் தையல்காரி வீட்டில் அரட்டையடித்தாய், எல்லாம் தெரியும். உன்னிடம் போன் செய்து பேசுவது எப்போது குறைந்தது என்று எனக்கே தெரியவில்லை. பார்த்தாகிவிட்டதே, எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன். “என் லோரிய கம்பெனி பாக்குது, உங்கம்மாவ நீ பாக்குற. எனக்காவது சம்பளம் தர்றாங்க” என்றார் உன் மருமகன். அதையும் நான் நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் நீ ரவாங்கில் இருக்கிறாய். முந்தின நாள் கேட்டபோது கோயிலில் விசேஷம் என்றல்லவா சொன்னாய்? ரவாங்கில் நமக்கு யார் இருக்கிறார்கள்? புள்ளி ஒரு சின்ன இடத்துக்குள் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மூன்று முறை அழைத்தும் நீ எடுக்கவில்லை. யாரோ உன் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அதைவிட மோசமானதையும் நினைத்தேன். மேலதிகாரியிடம் லீவு சொல்லிவிட்டு, அந்தக் குரல் சொன்ன பக்கமெல்லாம் திரும்பி, ஓட்டினேன்.

அது ஒரு கார் பழகும் திடல். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னக் கார்கள் ‘எல்’ பலகையோடு ஊர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றின் ஓட்டுநர் இருக்கையில் நீ, பக்கத்தில் பழக்குகிற ஒரு பெண். சுடிதார் போட்டு, மூக்குக்கண்ணாடியோடு, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தபடி. உன் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. திடலின் கோடியில் ஒரு செயற்கை மேடு இருந்தது. அதில் ஏறி, நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். நீ நிறுத்திவிட்டாய். கிளம்பப் போகிறாய்.

அந்த இடத்தில் நான் சத்தமில்லாமல் திரும்பியிருக்கலாம் அம்மா. உயிரோடு இருக்கிறாய், நன்றாக இருக்கிறாய், அது போதாதா? வேலியைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்று கத்தினேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். கார் குலுங்கி அணைந்து, பின்னால் உருண்டு, கீழே நட்டிருந்த கம்பத்தில் முட்டி நின்றது. வரிசையில் காத்திருந்த பள்ளி முடித்த பிள்ளைகள் சிரித்தார்கள். நீ கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தாய். துடைத்துக்கொண்டே இருந்தாய்.

உன்னை என் காரிலேயே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழியில் கேட்டாய்.

“நான் அங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?”

போனை நீட்டிக் காட்டினேன்.

“அப்போ நேத்து நான் பாசார்ல இருந்தது?”

“தெரியும்மா.”

“போன வாரம் அப்பா சமாதிக்குப் போனது?”

“ம்.”

“உங்கப்பாகூட என்னை இப்படிப் பாத்ததில்ல.”

“உங்க பாதுகாப்புக்குத்தான்மா” என்றேன். எப்போதும் உன்னை நீ என்று பேசுகிறவள், அன்று எப்படியோ ‘உங்க’ என்று வந்துவிட்டது. “எனக்கா, உனக்கா?” என்றாய். கிள்ளானிலேயே பழகினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்றுதான் ரயிலேறி ரவாங் வரை போயிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. வாசலில் துணி மூடி நின்ற அப்பாவின் பழைய சாகா காரை விற்க நீ ஏன் விடவில்லை என்பதும் புரிந்தது. புரிந்துகொண்டே தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். அவன் ஜொகூரிலிருந்து உன்னிடம் கத்தினான். “அறுபத்து மூணு வயசுல எதுக்குமா கார்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது?” நீ “சரிப்பா, விட்டுட்டேன்” என்றாய்.

அதன் பிறகு நீலப் புள்ளி வீட்டைவிட்டு அதிகம் நகரவில்லை. அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதி.

நீ போன நாளன்றும் நான் பார்த்தேன். காலையில் வீட்டில் இருந்தாய். மத்தியானம் வீட்டில் இருந்தாய். நான் ஆபீசில் யாருடைய பிறந்தநாளுக்கோ வெட்டிய கேக்கைச் சாப்பிட்டேன். நீயோ அந்த நேரத்தில் ரவாங் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து கிடந்திருக்கிறாய். போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாய். கைப்பையில் ஐசி, அந்த அடையாள அட்டை மட்டும்தான். அதில் இருந்ததோ நாம் முன்பு இருந்து விற்றுவிட்ட செந்தூல் வீட்டு முகவரி. போலீஸ்காரர்கள் அங்கே போய், இப்போது இருப்பவர்களிடம் வீட்டை விற்றுக்கொடுத்த தம்பியின் நம்பரை வாங்கி, அவன் எனக்குச் சொல்லி, நான் மருத்துவமனைக்கு ஓடியபோது உன் கால் விரல்கள் சில்லிட்டிருந்தன.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். “நீங்க உடனே வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுமா” என்றார் டாக்டர். நல்ல மனுஷன், ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். ஆனாலும் துணைக்கு யாருமில்லாத ஒருத்தியாக நீ அங்கே படுத்திருந்த அந்த நேரம் இருக்கிறதே, அதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நான் உன்னைப் புள்ளியில் பார்க்காமல் விட்டிருந்தால் நீ போனைக் கையோடு கொண்டுபோயிருப்பாய், யாராவது அதிலிருந்து என்னை அழைத்திருப்பார்கள். உன் மருமகன் இதை ஒத்துக்கொள்வதில்லை. “அப்படியெல்லாம் கணக்குப் போடாத லா” என்பார். நான் அவரிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

உன் போனில் எடுக்கப்படாத அழைப்புகளில் ‘சிக்கு ஸ்டெல்லா’ என்று ஒரு பெயர் இருந்தது. கார் பழக்குகிறவர்களை இங்கே சிக்கு என்றுதானே கூப்பிடுவோம். அன்று ஸ்டேஷனுக்கு வெளியே காரோடு உனக்காகக் காத்திருந்து, நீ வராததால் அழைத்திருக்கிறார். நான் திருப்பி அழைத்துச் சொன்னதும் அழுதுவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என் வயதுதான் இருக்கும். திடலில் அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

“விட்டுட்டேன்னு சொன்னாங்களே” என்றேன்.

“ஒரு மாசம் வரல. அப்புறம் வந்துட்டாங்க. மேடு ஏறிட்டாங்கமா, டெஸ்ட்ல முதல் தடவையே. ரோடு டெஸ்ட்தான் பாக்கி.”

அவரே தொடர்ந்தார்.

“புள்ளைங்ககிட்ட சொல்லுங்க ஆன்டி, சந்தோஷப்படுவாங்கன்னு சொன்னேன். லைசன்ஸ் வரட்டும் சிக்கு, ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸ்ல எம்மக ஆபீஸ் வாசல்ல கார நிப்பாட்டி ஹார்ன் அடிப்பேன்னாங்க. அவ போனப் பாக்கக் கூடாது, தலையத் தூக்கி என்னப் பாக்கணும்னாங்க. சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க.”

உனக்கு என்மேல் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ என்னை ஏற்றிக்கொண்டு போகத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாய்.

பேத்தியின் புள்ளியை இப்போது நான் பார்ப்பதில்லை என்று சொன்னால் பொய். பார்க்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், பார்த்த பிறகு போன் செய்து பேசுகிறேன். அதற்கு மேல் திருந்த முடியவில்லை. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும்போது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறேன். ஆபீஸ் வாசலில் அந்த நேரத்துக்கு ஒரே நெரிசல். இரட்டை வரிசையில் வண்டிகள் நிற்கும், யாராவது ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். நான் படியிலேயே நின்று, தலையைத் தூக்கி, ஒவ்வொரு காராகப் பார்க்கிறேன் அம்மா.