தீஞ்சசட்டியும் நானும் ஒரே ஆள் அல்ல

அனுப்புநர்
'ஒரு ஆள் சமையல்' இணையப் பக்கத்தை நடத்துபவர்,
மே/பா: மருந்துக் கடை உரிமையாளர்.
(பதிலைக் கடை முகவரிக்கே அனுப்பவும். வீட்டுத் தபால்பெட்டிச் சாவி என்னிடம் இல்லை.)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையச் சந்தா மற்றும் கட்டணப் பதிவுகள் பிரிவு,
நுகர்வோர் நலத் துறை.

பொருள்: இரு வேறு நபர்களை ஒரே நபர் எனக் கட்டணப் பதிவில் குறித்து, என் பக்கத்துக்கு இருந்த ஒரே சந்தாதாரரை நீக்கியது – பதிவைத் திருத்தவும், பதில் பெட்டியைத் திறந்துவிடவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1. நான் மருந்துக் கடையில் பில் போடுகிறேன். பகல் முழுவதும் இருமல், காய்ச்சல், சர்க்கரை என்று ஊர்ப்பட்ட பேச்சு காதில் விழும். வீட்டுக்குப் போனால் பேச ஒரு ஆள் கிடையாது. அதனால் சமைக்கும்போது அலைபேசியை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அதனிடம் பேசி, பேசியதை இணையத்தில் போட ஆரம்பித்தேன். அதுதான் மேற்படி பக்கம். ஊரில் உள்ள சமையல் குறிப்பெல்லாம் நான்கு பேருக்கு என்றுதான் தொடங்குகிறது. தனி ஆள் மீதி அரை வெங்காயத்தை என்ன செய்வது என்று எவரும் சொல்வதில்லை. நான் சொன்னேன்.

2. ஒரு சந்தா நிறுவனத்தின் வழியாக மாதச் சந்தா கட்டுபவர்கள் கேள்வி கேட்கலாம், நான் பதில் பெட்டியில் பதில் எழுதுவேன். இதுதான் ஏற்பாடு. தொடக்கத்தில் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். சிலருக்குக் கல்யாணம் ஆனது, சிலருக்கு அலுத்துப்போனது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர் ஒருவரே. பெயர்ப் பெட்டியில் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் 'தீஞ்சசட்டி'.

3. பெயரையும் கேள்விகளையும் பார்த்து, ஊர் விட்டு ஊர் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் சின்னப் பையன் என்றே நினைத்துக்கொண்டேன். "அக்கா, சோறு அடியில கரியுது, மேல வேகவே மாட்டேங்குது. என்ன பண்றது?" என்று கேட்பார். "தம்பி, அடுப்பக் குறைச்சு வைங்க. அது சோறு, எதிரி இல்ல" என்று எழுதுவேன். "சரிங்கக்கா" என்று பதில் வரும். முட்டையை உரிக்கத் தெரியாது, உருளைக்கிழங்கை எப்போது இறக்குவது என்று தெரியாது. ஆனால் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. ஒரு நாள் நான் சளியோடு பேசியதற்கு, "குரல் கம்முதேக்கா, கஷாயம் எதுனா குடிச்சீங்களா?" என்று கேட்டிருந்தார். கடையில் நாள் முழுக்கச் சளி மருந்து விற்ற என்னிடம் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. இதைத் தங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை: அந்த ஒரு ஆளுக்காகத்தான் நான் சமைத்தேன். இல்லாவிட்டால் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்திருப்பேன்.

4. இந்நிலையில் மேற்படி சந்தா நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சந்தா கட்டும் வங்கிக் கணக்கும், சந்தாவைப் பெறும் வங்கிக் கணக்கும் ஒன்றே என்றும், இரண்டுக்கும் வீட்டு முகவரி ஒன்றே என்றும், ஆகவே நான் என் பக்கத்துக்கு நானே சந்தா கட்டி ஆள் கணக்குக் காட்டியிருக்கிறேன் என்றும், தீஞ்சசட்டி என்பது நானே என்றும் அதில் கண்டிருந்தது. அவரை நீக்கிவிட்டார்கள். பதில் பெட்டியையும் பூட்டிவிட்டார்கள். ஆதாரம் என்று, கட்டியவரின் உண்மைப் பெயரையும் அப்படியே போட்டிருந்தார்கள்.

5. அது என் உடன்பிறந்த அண்ணன் பெயர்.

6. அவர் மேல்மாடியில் இருக்கிறார். நான் கீழே இருக்கிறேன். அந்த வங்கிக் கணக்கு, மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் கட்டுவதற்காக அம்மா இருந்தபோது எங்கள் இருவர் பெயரிலும் திறந்த கூட்டுக் கணக்கு. பாஸ்புத்தகமும் தபால்பெட்டிச் சாவியும் அவர் வசம். என் பங்கைப் போடுவதோடு என் வேலை முடிந்தது. பக்கம் தொடங்கியபோது முகவரிச் சான்றோடு என் பெயரில் இருந்த கணக்கு அது ஒன்றுதான் என்பதால் அதையே கொடுத்தேன். சந்தா என்று அவர் கட்டிய பணம் அந்தக் கணக்கிலிருந்து கிளம்பி, நிறுவனத்தின் கழிவு போக, அதே கணக்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டுக்கொள்ள மாதாமாதம் மூன்றாம் மனிதருக்குக் கூலி! பாஸ்புத்தகத்தை வரி விடாமல் படிக்கிற அவருக்கு இது தெரியாமல் இருக்காது. கொசுறுக் கொத்தமல்லிக்காகக் காய்கறிக்காரருடன் மல்லுக்கு நிற்கிற மனிதர் அவர். தெரிந்தே கட்டியிருக்கிறார்.

7. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தது சரியா தவறா என்று, அம்மா போன மறுவாரம் சொந்தக்காரர்கள் முன்னிலையில் வாய்த் தகராறு வந்தது. "இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத" என்றார் அவர். "நீயும் என் வாசப்படிய மிதிக்காதண்ணே" என்றேன் நான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது எங்கள் குடும்பத்தில் பரம்பரை வியாதி. அண்ணி, மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளியூர் போய் அங்கேயே தங்கிவிட்டார். அதிலிருந்து மேலே அவர் தனி, கீழே நான் தனி. அவர் செருப்புச் சத்தம் மேலிருந்து இறங்கினால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். நான் துணி காயப்போட ஏறினால் அவர் விளக்கை அணைத்துவிடுவார். மேலிருந்து அடிக்கடி தீய்ந்த வாடை இறங்கும். நல்லா வேணும் என்று நினைத்திருக்கிறேன், ஐயா. நினைத்துவிட்டு, உள்ளே வந்து தம்பிக்கு அடுப்பைக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

8. எங்கள் அண்ணன் வயதில் மூத்தவன் என்ற முறையை ஒரு நாளும் விட்டுக்கொடுத்தவர் அல்லர். பந்தியில் எனக்கு முதலில் தண்ணீர் வைத்தால்கூட முகம் சுண்டிப்போகும். அப்படிப்பட்டவர் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். நான் தம்பி என்றதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். நிறுவனத்தின் பதிவில் நாங்கள் ஒரே ஆள். தாங்கள் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே வந்து ஒரு மாலை நின்று பார்த்தால், எந்த அளவுக்கு இரண்டு ஆள் என்பது தெரியும்.

9. நாங்கள் இருவர் என்று உறுதிசெய்ய, இருவரும் சேர்ந்து கையொப்பமிட்ட படிவம் அனுப்புமாறு நிறுவனம் கேட்கிறது. என் கையொப்பத்தை இட்டு இத்துடன் இணைத்துள்ளேன். மற்றதைப் பெற என்னால் இயலவில்லை. மருந்துக் கடை முதலாளி, "ஏம்மா, நாலு படி ஏறிப் போய் அண்ணேன்னு கூப்பிடறத விட்டுட்டு, அரசாங்கத்துக்கு மனு எழுதிக்கிட்டு இருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லாயில்லைதான். ஆனால் அவர் பேசியது முன்பின் தெரியாத ஓர் அக்காவிடம். அந்த அக்கா நான்தான் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் பேசினார். இப்போது எனக்கும் தெரியும் என்று தெரிந்தால் மனிதர் கூனிக்குறுகிப் போவார். இனி ஒரு வார்த்தை எழுத மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான், ஐயா. அவர் கோபத்துக்கு நான் பயந்ததில்லை.

10. அவரை நீக்கியதிலிருந்து மேலே அடுப்புச் சத்தமே இல்லை. தீய்ந்த வாடையும் இல்லை. கடைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு படியேறுகிறார். நானும் அலைபேசியை டப்பாவில் சாய்த்து வைப்பதில்லை. சும்மா நின்று கிளறுகிறேன்.

11. ஆகவே நான் வேண்டுவது: பதிவில் 'ஒரே நபர்' என்றிருப்பதை 'இருவர்' என்று திருத்த வேண்டும். நிறுவனத்தின் கணினிக் கோளாறால் நேர்ந்த பிழை என்று அவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரிவிக்கப்பட்டது என்பது அக்கடிதத்தில் இடம்பெறக் கூடாது. பழைய பெயரிலேயே அவர் மீண்டும் சேர வழி வேண்டும். பணத்தை நிறுவனமே முழுவதும் வைத்துக்கொள்ளட்டும். அதில் எனக்கு வழக்கு இல்லை.

12. இவையெல்லாம் விதிப்படி நாளாகும் என்றால், பதில் பெட்டியை மட்டும் ஒரு நாள் திறந்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். அவரை நீக்கிய அன்று காலையில் அவர் அனுப்பிய கேள்வி ஒன்று பதிலில்லாமல் நிற்கிறது. நான் கடை முடிந்து வந்து பார்ப்பதற்குள் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். கேள்வி பின்வருமாறு: "அக்கா, ஒரு ஆளுக்கு இப்ப நல்லாவே வருது. ரெண்டு பேருக்குன்னா எல்லாத்தையும் அப்படியே ரெண்டு மடங்கு போடலாமா?"

13. பெட்டியைத் திறப்பதும் தங்கள் அதிகாரத்தில் இல்லையென்றால், கீழ்க்கண்ட பதிலையாவது தங்கள் அலுவலக முத்திரையுடன் மேல்மாடிக்கு அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்:

போடலாம் தம்பி. உப்பை மட்டும் ஒன்றரைப் பங்கு போட்டுவிட்டு, சாப்பிட வருகிற ஆளை ருசி பார்க்கச் சொல்லுங்கள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்

இடம்: மருந்துக் கடை, பில் மேசை
நாள்: சந்தா கட்ட வேண்டிய ஒன்றாம் தேதி

இணைப்பு: நிறுவனத்தின் அறிவிப்பு நகல், ஒரு கையொப்பம் மட்டும் உள்ள உறுதிமொழிப் படிவம்.