எட்டு மில்லிமீட்டர்

வியாழக்கிழமை, பகல்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, இன்று அந்த வரியைத் தாண்டிப் போகிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. புது வொர்க்‌ஷாப்பில் உனக்கென்று தனி அறை கொடுத்திருப்பது, ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை தெரிவது, முதலாளி உன்னைப் பெயர் சொல்லி மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவது எல்லாம் எழுதியிருந்தாய். உன் அக்கா இரண்டு தடவை படித்தாள். நான் கடைசிப் பத்தியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

அதில் என்னிடம் ஒரு யோசனை கேட்டிருக்கிறாய். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் போட்ட கார் ஒன்று டியூனிங்குக்கு வந்திருக்கிறது, இன்ஜினுக்குள் போகும் காற்றை மீட்டர் வைத்து அளப்பதா, இல்லை அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் டேபிள் முறையில் போவதா, மச்சான் என்ன சொல்கிறீர்கள் என்று. உலகத்தில் எத்தனையோ டியூனர்கள் இருக்க, இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் நாலு மாதமாக டியூனிங் லேப்டாப்பைத் தொடவில்லை என்று உனக்குத் தெரியும். ஆயில் மாற்றுகிறேன், பிரேக் பார்க்கிறேன். அதற்குமேல் யாரும் என்னிடம் கொண்டுவருவதில்லை, நானும் கேட்பதில்லை.

ஆனாலும் கேட்டுவிட்டாய். பதில் சொல்கிறேன். முதலிலிருந்தே சொல்கிறேன், போன தடவை நான் சொல்லும்போது நீ பாதியில் காதை மூடிக்கொண்டுவிட்டாய்.

மீட்டர் முறையில் காற்றுக்குழாய்க்குள் ஒரு சூடான கம்பி இருக்கும். போகிற காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்று பார்த்து, எவ்வளவு காற்று போகிறது என்று அதுவே சொல்லிவிடும். அதற்கு நேராக நீண்ட குழாய் வேண்டும், இடம் வேண்டும். எண்ணெய் படிந்தால் தப்பாகப் பேசும். டேபிள் முறையில் அந்தத் தொல்லை கிடையாது. அழுத்தம் இவ்வளவு, சூடு இவ்வளவு, வேகம் இவ்வளவு, அப்படியானால் இந்த இன்ஜின் இவ்வளவு காற்றை இழுத்திருக்கும் என்று நாம் முன்கூட்டியே கட்டம் கட்டமாக நிரப்பி வைத்ததைப் பார்த்து அது எரிபொருள் விடும். காற்றை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அந்த இன்ஜினில் எதுவும் மாறவில்லை என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது.

பந்தயத்துக்காக நம் கடைக்கு வந்த பல் டாக்டரம்மாவின் காருக்கு நான் மீட்டர் என்றேன், நீ டேபிள் என்றாய். முன்னால் இடமில்லை, குழாயை வளைத்தால் மீட்டர் உளறும் என்றாய். அது நியாயமான பேச்சு, இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். மூன்று வாரம் அந்தக் காரை நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் ரோலர் மேல் கட்டிப்போட்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். “டேபிள் முடிந்ததா, டேபிள் முடிந்ததா” என்று தினமும் கேட்ட உன் அக்கா, கடைசியில் அது எங்கே, சாப்பாட்டு அறைக்குப் பொருந்துமா என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா. நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். காற்றின் அளவை மாற்றுகிற எதையும், முக்கியமாக சூப்பர்சார்ஜரைச் சுற்றவைக்கும் புல்லியை, என்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்றேன். புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், என் கட்டங்கள் எல்லாம் பொய்யாகிவிடும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ என்ன சொன்னாய் என்பது வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“மச்சான், அந்த வண்டியில ஒரு நட்டைக்கூட உங்களைக் கேக்காம தொடமாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அழுத்தத்தை அளக்க வண்டியில் இருந்த சென்சாரே போதும் என்று விட்டேன். நம் புல்லியோடு ஓடினால் அழுத்தம் அது படிக்கக்கூடிய உச்சத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மலைப்பாதைப் பந்தயத்தில் மூன்றாவது வளைவைத் தாண்டும்போது பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்தது, எண்ணெய் பின்டயரில் கொட்டியது, கார் தடுப்பில் மோதியது. டாக்டரம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. பல் பிடுங்குகிற கை. இரண்டு மாதம் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை அவர்களால்.

எரிபொருளை அளந்து விடும் கம்ப்யூட்டர் பெட்டி எரிந்துவிட்டது, உள்ளே இருந்த பதிவு எதையும் எடுக்க முடியாது என்று நீ சொன்னாய். நம்பினேன். இன்ஜினைக் கழற்றியது நீ. புல்லி நம்முடைய பழைய புல்லிதான் என்று நீ காட்டினாய், பார்த்தேன். அப்படியானால் தப்பு என் டேபிளில்தான் இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போய், கட்டுப்போட்ட அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்று, என் கணக்கு தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அதையே பந்தயம் நடத்திய கிளப்புக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீ என் பக்கத்தில் பழப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டு, யாருக்கும் நடக்கிறதுதான் மச்சான், விடுங்க என்று தேற்றினாய். அந்தக் கையின் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

அடுத்த மாதம் நீ வேலை கேட்டுப் போனபோது உனக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான். நம்பகமானவர் என்று எழுதினேன்.

போன வாரம் டாக்டரம்மா ஒரு பார்சல் அனுப்பினார்கள். புது இன்ஜின் வேறு இடத்தில் போட்டுக்கொண்டார்களாம், உங்கள் பொருள் எனக்கு வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டு. கையுறை டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. எரியவில்லை, மச்சான். ஒரு மூலையில் கீறல், அவ்வளவுதான். லேப்டாப்பைத் தூசி தட்டி இணைத்தேன். என் தப்பை நானே எண்ணெண்ணாகப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துத்தான் பதிவைத் திறந்தேன்.

அழுத்தக் கோடு உச்சத்துக்குப் போய், அங்கேயே படுத்துவிட்டிருந்தது. சென்சாருக்கு அதற்குமேல் படிக்கத் தெரியாது. காற்று ஏறிக்கொண்டே போகிறது, பெட்டிக்கு அது தெரியாமல் அதே எரிபொருளை விட்டுக்கொண்டே இருக்கிறது. எரிபொருள் பற்றாமல் சூடு ஏறித்தான் பிஸ்டன் உருகியிருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டதோ என்று எடுத்துச் சோதித்தேன், நன்றாகவே இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய நாள்களின் பதிவைப் புரட்டிப் பார்த்தேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் இரண்டு நாள் வெளியூர் போனேனே, அதில் முதல் நாள் பகல் பதினொரு மணியிலிருந்து எல்லாம் மாறியிருக்கிறது. அன்றைக்கு ரோலர் மேல் ஒரே ஒரு ஓட்டம். வேலை கேட்கும்போது புது முதலாளியிடம் நீ காட்டினாயே, அதிகக் குதிரைசக்தி அச்சான தாள், அது இந்த ஓட்டத்தில் வந்ததுதான், இல்லையா? பந்தயத்துக்குள் புல்லியைத் திரும்ப மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பாய். மறந்தாயா, இல்லை அந்த எண்ணை விட மனசில்லையா, எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்தபிறகுகூட உன்னைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. எந்தப் புல்லி, எங்கே அந்தப் புல்லி என்று பைத்தியம் மாதிரி கடை முழுக்கத் தேடினேன். சலித்துப்போய் வீட்டுக்கு வந்து பால்கனிக்குப் போகும்போது காலில் இடித்தது. நாலு மாதமாக அந்தக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க உன் அக்கா ஒரு கனமான பொருளை வைத்திருக்கிறாள், பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு. நானே இரண்டு தடவை சுண்டுவிரலை இடித்துக்கொண்டு, என்னம்மா இது, அம்மிக்குழவியா என்று கேட்டிருக்கிறேன். பழைய இரும்பு என்றாள். உறையைக் கழற்றினேன். அளந்தேன். எழுபத்தாறு மில்லிமீட்டர். நம்முடையது எண்பத்து நாலு.

உன் அக்காவிடம் கேட்டேன். கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வண்டி உடைந்த அன்று, பழையதை மாட்டிவிட்டு இதை நீ கொண்டுவந்து கொடுத்து, மச்சானிடம் சொல்லாதே, தெரிந்தால் என் பிழைப்பே போய்விடும் என்றாயாம். அது என்ன செய்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்த நாளன்று தெரிந்துகொண்டாளாம். பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க தாங்கிக்குவீங்க. அவன் தாங்கமாட்டான்னு நெனச்சேன்.”

உன்மேல் இருக்கும் கோபத்தை எப்படியாவது ஆற்றிக்கொள்வேன். நீ மச்சான், சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம். ஆனால் என் வீட்டுக்குள்ளேயே, என் கால் படும் இடத்திலேயே அதை வைத்துவிட்டுப் போனாயே, அதற்கு என்ன செய்வது? பதினாறு வருடமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளை இப்போது நிமிர்ந்து பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கிறது போல. உப்பு போதுமா என்பதைத் தவிர நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.

இந்த மாதம் இருபதாம் தேதி கிளப் கூடுகிறது. டியூனர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை நிரந்தரமாக எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வார்கள். பெட்டியில் இருக்கும் பதிவைக் காட்டினால் புல்லி எங்கே என்பார்கள். புல்லியைக் காட்டினால் யார் ஒளித்து வைத்தது என்பார்கள். உன் அக்காவின் பெயரை நான் அந்த மேசையில் வைக்கமாட்டேன். ஆகவே என்னிடம் இருப்பது எதுவும் எனக்கு உதவாது. நீயாக எழுதினால் உண்டு. டாக்டரம்மாவுக்கும் கிளப்புக்கும், புல்லியை மாற்றியது நான்தான், மச்சானின் டேபிள் சரி என்று. அக்காவைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். எழுதினால் அந்த ஜன்னல் உனக்கு இல்லாமல் போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இது. அந்தக் காருக்கு மீட்டரே போடு. குழாய்க்கு இடமில்லை என்றால் ரேடியேட்டரை நகர்த்தியாவது இடம் பண்ணு. நிரப்பினவன் ஒருவன், வண்டியைத் தொடுகிறவன் இன்னொருவன் என்றால் டேபிள் வேண்டாம். அதில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஓட்டப்போகிறார்.

பெல்ட் சுற்றும்போது கையைக் கொண்டுபோகாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள். நல்லா இரு.

இப்படிக்கு,
உன் மச்சான்

மடிக்குமுன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். எப்போதும் அடியில் அக்காவின் ஆசிகள் என்று எழுதுவாளே, அதற்காகப் பேனாவை நீட்டினேன். வாங்கிக் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, உறைமேல் உன் விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்தாள். அவளுக்காக விட்ட இடம் கீழே அப்படியே இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் எழுது, மச்சான்.