லீவைக் கொடுத்து வாங்கிய மெஷின்

இயேசு மரி சூசை துணை

திருமுல்லைவாயில்
4.10.1987

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயசீலி எழுதுவது. நானும் பாபுவும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நாலு பக்கக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றரைப் பக்கம் வயலின் கச்சேரி பதிந்த ஸ்பூல் நாடாக்களைப் பற்றித்தான். நாடாவில் பூசணம் பூத்திருக்கிறதா, மாதம் ஒருமுறை எல்லா ஸ்பூலையும் ஓடவிட்டுச் சுற்றி வைக்கிறேனா, பீரோவுக்குள் ஈரம் இறங்குகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசி அரைப் பக்கத்தில், போகிற போக்கில், உங்கள் டிசம்பர் லீவை அங்கே வெளிநாட்டில் உங்களோடு ஒரே அறையிலிருக்கும் கொல்லத்துக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகவும், அதற்குப் பதிலாக அவர் தன்னுடைய பெரிய ஜப்பான் ஸ்பூல் மெஷினை உங்களுக்குக் கொடுத்துவிட்டதாகவும், இனி ஏப்ரலில்தான் வர முடியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று வேறு. எனக்கு வாயில் நல்லா வருகிறது அத்தான். அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

பிள்ளைக்குப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. நான் வந்த பிறகுதான் ஞானஸ்நானம், பெயரும் நானே சொல்வேன் என்று எழுதியது யார்? அதனால்தான் இன்னமும் பாபு பாபு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னை வாசலில் நிறுத்தி, மீசை முளைத்த பிறகுதான் பிள்ளையைக் கொண்டுவருவாயா என்று எல்லார் எதிரிலும் கேட்டார். டிசம்பரில் அவர் வருகிறார் சாமி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வருகிறது.

திருமழிசைக்குப் போய்வந்த கதையையும் கேளுங்கள். உங்களோடு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்த்த பரந்தாமன் வீட்டில், அவருடைய அப்பா கோயில் உற்சவக் கச்சேரிகளில் பதிவு செய்த வயலின் ஸ்பூல் ஏழு இருக்கிறது, நேரில் போய் வாங்கி வை என்று எழுதினீர்களே. கைக்குழந்தையோடு ஆவடி போய், அங்கிருந்து பூந்தமல்லி போய், வேறு பஸ் மாறி, திருமழிசையில் இறங்கினால் அங்கே இருந்தது ஐந்து. மீதி இரண்டும் எங்கே என்றேன். பரந்தாமன் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி பொன்னம்மாள்தான் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். கம்பங்கொல்லை முழுக்க குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி உங்கள் வயலின் நாடாவை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றில் விர்ரென்று சத்தம் போடுமாம். கிளி அண்டாதாம்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அப்படியே திரும்பியிருப்பாள். நான் பிள்ளையைப் பொன்னம்மாள் கையில் கொடுத்துவிட்டு, வெயிலில் கொல்லையில் இறங்கி, கதிர் முகத்தில் உரச உரச, முறுக்கு விழாமல் அத்தனையையும் அவிழ்த்துச் சுற்றினேன். அவள் வரப்பில் நின்றுகொண்டு, இன்னாம்மா இது, இந்த நாடாவுக்கா கைக்கொயந்தய தூக்கிகினு அம்மாந்தூரம் வந்தே, உன் வூட்டுக்காரரு வந்து சுத்த மாட்டாரா என்று கேட்டாள். சிரித்து வைத்தேன்.

ஒரு ஸ்பூல் வெயிலில் காய்ந்து தூள் தூளாகிவிட்டது. இன்னொன்றை நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பிளேடால் சாய்வாக வெட்டி, பதினோரு இடத்தில் ஒட்டுப் போட்டேன். நம் வீட்டுப் பழைய ஸ்பூல் மெஷினில் மாட்டினால் கரகரவென்று இரைச்சல், பிறகு வயலின் வந்துவிட்டது அத்தான். என்ன ராகமோ, எனக்கு எங்கே தெரியும். கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சர்ச்சில் நின்றபடி வயலின் வாசித்துக்கொண்டிருந்த மனுஷன் நீங்கள், பரந்தாமன் கல்யாணத்தில் ஒருவர் சம்மணம் போட்டு வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தீர்களே, அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. இப்போது எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அந்த எரிச்சல் வேறு.

அடுத்தது, போன கேசட்டைப் பற்றி நீங்கள் கொடுத்த புகார். ஸ்பூல் மெஷினுக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வைத்துத்தான் நான் கேசட்டில் ஏற்றி அனுப்புகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாதா? குக்கர் விசில் விழுகிறது, ரயில் போகிற சத்தம் விழுகிறது என்கிறீர்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தது நானில்லை. கேசட்டின் இரண்டாவது பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது, பதிவு செய்யும்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உள்ளே விடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அது அக்கம்பக்கத்துப் பிள்ளை இல்லை அத்தான். அது உங்கள் மகன். பல் முளைக்கிற வலியில் அன்றைக்கு முழுக்க அழுதான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கேசட்டைப் பதிவு செய்தேன். அந்த வரியைப் படித்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். உங்கள்மேல் கோபம்கூட வரவில்லை. பிள்ளையின் குரல் தெரிவதற்கு உங்களுக்கு வழி ஏது?

அதனால் சொல்கிறேன். அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் லீவைக் கேட்டு வாங்குங்கள். கொல்லத்துக்காரர் வீட்டிலும் ஒருத்தி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், தெரியாமல் இல்லை. அவளுக்காகத் தினம் ஜெபமாலை சொல்கிறேன். லீவை மட்டும் விட்டுத்தர மாட்டேன். டிசம்பர் 27, ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள். அன்றைக்கு ஞானஸ்நானம் என்று சாமியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மண்ணூர்பேட்டையிலிருக்கும் உங்கள் அண்ணன் செபாஸ்டியன் ஞானத்தந்தையாக நிற்கச் சம்மதித்துவிட்டார். பெயர் நீங்கள் வந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

நேற்று அவரும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணி பாபுவை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா எங்கடா ராஜா, அப்பாவைக் காட்டு என்று கேட்டார்கள். சுவரில் உங்கள் போட்டோ இருக்கிறது, அதைக் காட்டுவான் என்று பார்த்தோம். மடியிலிருந்து இறங்கி விறுவிறுவென்று தவழ்ந்து போய் ஸ்பூல் மெஷினைத் தட்டித் தட்டிக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மெஷின், தொடாதே, அப்பா மெஷின் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது நான்தானே.

இன்னொரு மெஷின் வந்தால் அவன் எதை அப்பா என்பான்? மாதா துணையிருப்பார்கள், நீங்கள் புறப்பட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
ஜெயசீலி