மழைக்கு ஒரு மணி

பாய்,

இன்று விடியும்போது ஊரில் மழை பெய்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது, ஓர் உழவுக்குக் காணும். கரிசல் நனைந்த வாசம் வீட்டுக்குள் வந்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்த நேரம். கோவில்பட்டியில் உங்கள் விதைக்கடைக்கு உளுந்து விதை வாங்க வந்தவனை எதிரே இருந்த செல்போன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"ஒரு எழுத்து தெரியாதவனுக்கு இது எதுக்கு பாய்?"

"டார்ச்லைட்ட அமுக்கத் தெரியும்லா வே? இதுவும் அம்புட்டுத்தான்."

கடைக்காரர் ரேஷன் அட்டை கேட்டார். அட்டை ஊரில் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. "அத நான் பாத்துக்கிடுதேன்" என்று நீங்கள் ஏதோ நகலைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். சாட்சிக் கையெழுத்து என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு என்று ஒரு நம்பர் வந்தது. அதைப் பாட்டு மாதிரி காதால் படித்துக்கொண்டேன். உங்கள் நம்பரை விரலுக்குச் சொல்லித் தந்தீர்கள். வலது ஓரத்தில் தொடங்கு, மேலே ஏறு, நடுவில் இரண்டு தடவை நில், அடிவரிசைக்கு இறங்கு என்று ஏர் ஓட்டுகிற மாதிரியே சொன்னீர்கள். அந்தத் தடம் இன்னும் விரலில் இருக்கிறது.

நம் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் பசுவந்தனைப் பக்கம் ஓடை ஓடும், இடைசெவலில் புழுதி பறக்கும். எங்கே பெய்தது என்று தெரிந்தால்தான், ஈரம் காய்வதற்குள் நீங்கள் அந்த ஊருக்கு விதை மூட்டையை ஏற்றிவிட முடியும். அதற்காக நமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு மணி அடித்து நிறுத்தினால் மழை பெய்துவிட்டது. இரண்டு மணி அடித்தால் மழையும் பெய்தது, பாதையும் சேறு, வண்டி புதையும், நாளைக்கு வாருங்கள். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு நீங்கள் ஒரு மணி திருப்பி அடிப்பீர்கள். இரண்டு பேருமே போனை எடுக்கமாட்டோம்.

ஒரு தடவை நான் இரண்டு மணி அடித்தும் வேனைக் கொண்டுவந்து ஊர் எல்லையில் புதைத்துவிட்டீர்கள். முழங்கால் வரை களிமண்ணோடு நடந்து வந்தவரிடம், "ரெண்டு மணி அடிச்சேனே பாய், காதுல விழலியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு உம்ம மணி, ஒண்ணு உம்ம பொஞ்சாதி மணின்னு நெனச்சேன் வே. சோறு போடத்தான் கூப்பிடுதாவன்னு வந்தேன்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் கம்பங்கஞ்சிதான் இருந்தது. வத்தலைக் கடித்துக்கொண்டு இரண்டு செம்பு குடித்தீர்கள்.

கடையைப் பையன்களிடம் விட்டபிறகும் என் மணி நிற்கவில்லை. விதை விற்க அல்ல, சும்மா மழையைத் தெரிந்துகொள்ள. நீங்கள் கட்டிலோடு கிடந்த கடைசி மாதங்களிலும் திரும்பி ஒரு மணி வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு வரவில்லை. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தபிறகும், மழை பெய்தால் நான் ஒரு மணி அடிப்பேன். அந்தப் பக்கம் மணி போகிற சத்தம் கேட்கும், நிறுத்திவிடுவேன். இந்த மடல் வரைக்கும் வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

போன மாதம் போன் மாட்டுத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அரிசிக்குள் போட்டு வைத்தும் பிழைக்கவில்லை. சிம்மும் செத்துவிட்டது. மகன், "புது நம்பர் வாங்கிக்கிடலாம்ப்பா. ஒங்கள யாரு கூப்பிடுதா?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் நம்பர் போனால் மழை பெய்கிற அன்று நான் என்ன செய்வேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அதே நம்பர்தான் வேண்டும் என்று பஸ் ஏறி கோவில்பட்டிக்குப் போனேன்.

செல்போன் கடையில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தாத்தா, இது உங்க பேர்ல இல்லையே."

"வேற யாரு பேர்லம்மா?"

வாசித்தாள். உங்கள் பெயர். உங்கள் வாப்பா பெயரையும் சேர்த்து வாசித்தாள்.

"அவரு நேர்ல வந்து கைரேகை வைக்கணும் தாத்தா."

"அவிய வர முடியாதும்மா."

"வெளியூரா?"

"ஆமா. கொஞ்சம் தூரம்."

வெளியே வந்து கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பாகவும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை வருஷமும் உங்கள் பெயரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் நம்பர், என் நம்பர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அங்கிருந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உங்கள் வீட்டம்மா டீ போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"அதான அண்ணாச்சி, போன வாரம் உங்க பக்கம் மழைன்னாவ, மணி வரலியேன்னு இருந்தேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"அவிய போன நான் சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன். நீங்க அடிக்கவும், பசுவந்தனை பக்கம் மழையாம்னு அந்தக் கட்டிலப் பாத்துச் சொல்லுவேன். திருப்பி அடிக்க ஆசைதான். மவுத்தானவிய நம்பர்ல இருந்து மணி வந்தா நீங்க பயந்துருவீங்களோன்னு விட்டுட்டேன்."

மறுநாள் பையன்களோடு தங்கச்சியே செல்போன் கடைக்கு வந்தது. உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் பெயரே இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். முடியாதாம்.

"போடுங்க அண்ணாச்சி. அவிய பேரு எங்க போயிரப் போவுது? மணி வந்தாப் போதும்" என்றது தங்கச்சி.

கட்டைவிரலை வைத்தேன். நீங்கள் வாங்கித் தந்த நம்பர் இப்போது என் பேரில் இருக்கிறது.

புதுச் சிம் போட்டபிறகு இன்றுதான் முதல் மழை. வாசலில் நின்றபடி, வலது ஓரத்தில் தொடங்கி, மேலே ஏறி, நடுவில் இரண்டு தடவை நின்று, இறங்கினேன். ஒரு மணி போனது. நிறுத்தினேன். போனைப் பைக்குள் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் நம்பரில் இருந்து ஒரு மணி அடித்து நின்றது.

நான் பயப்படவில்லை பாய். விதைப்பெட்டியை எடுத்துக்கொண்டு விதைக்கக் கரிசல் காட்டுக்கு இறங்கினேன்.