துரை கைதட்டிய நாடகம்

இன்று காலை எங்கள் தாமான் குடியிருப்பில் சாக்கடை ஓரத்துப் புல் சாக மருந்து அடித்தார்கள். அடுப்படி ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்தது. மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கு உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளில் சுங்கைப் பட்டாணியில், ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில்தான் நம் வாரப் பத்திரிகை அச்சானது. மலேசியாவின் பெரிய தமிழ் நாளிதழ்கள் மெட்ராஸ் சினிமாவையும் தலைவர்கள் மாலை வாங்கியதையும் போட்டன. ரப்பர் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் இல்லாததையும், குடியுரிமை கிடைக்காத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு வேலை போனதையும் நான் எழுதினேன். நீ நாடகம், கூத்து, உருமி மேளம். வாரமெல்லாம் துணிக்கடையில் சேலை மடித்துவிட்டு, லீவு நாளில் பஸ் ஏறிவிடுவாய். எந்தத் தோட்டத்தில் மேடை போட்டாலும் போய் உட்காருவாய். "உன் பக்கம் கோபம், என் பக்கம் கொண்டாட்டம்னு நினைக்காதடீ மேரி. ரெண்டும் ஒரே சனந்தான்" என்பாய்.

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? ராஜா ராணி நாடகம். நடுவில் சிரிப்புக் காட்சி என்று அஞ்சலை மேடைக்கு வந்தாள். அந்தத் தோட்டத்தில் முதுகில் தொட்டி சுமந்து லாலான் புல்லுக்கு மருந்து அடிப்பவள். காட்சியை அவளே கட்டியிருந்தாள். வேலை முடிந்து வந்த தாய் பிள்ளைக்குச் சோறு பிசைந்து நீட்டுகிறாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு நீட்டுகிறாள், மறுபடியும் திருப்பிக்கொள்கிறது. புளி போட்டுத் தேய்க்கிறாள், மண் போட்டுத் தேய்க்கிறாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில், மருந்து பட்டு நகம் போன விரல்களை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தக் கையக் கழட்டி வச்சிட்டு ஊட்டவா கண்ணு?" என்றாள்.

சிரிப்பு நின்றுபோனது. முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த தோட்ட மேனேஜர், அந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் மட்டும் கைதட்டினார்.

நீ மேடைக்குப் பின்னால் ஓடினாய். "உன் பேரைப் போடலாமா?" என்று கேட்டாய். அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "போடுங்கக்கா, நல்லா பெரிசா போடுங்க. என் பேரு எங்கயும் அச்சுல வந்ததில்ல."

போட்டாய். அதுவரை நீ எழுதியதிலேயே நல்ல விமர்சனம் அது. காட்சி முழுவதையும், அந்த விரல்களையும், துரையின் கைதட்டலையும் எழுதியிருந்தாய். மேடையில் அவருக்குப் புரியாததைக் காகிதத்தில் வந்ததும் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அஞ்சலைக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்குத் தோட்டத்து லயத்தில் வீடும் இல்லை. பிள்ளையை இடுப்பிலும் துணி மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு, வயதான அம்மாவோடு அச்சக வாசலில் வந்து நின்றாள். நம்மைத் திட்டுவாள் என்று பயந்தேன். "அந்தப் பேப்பர் ஒண்ணு கிடைக்குமாக்கா?" என்றுதான் கேட்டாள்.

நீ தோட்ட ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றாய். துரை பார்க்கமாட்டார் என்றார்கள். தொழிலாளர் சங்கத்துக்குப் போனாய்; விசாரிக்கிறோம் என்றார்கள். கடைசியில் அச்சகக்கார அண்ணனிடம் வந்து, இதை முதல் பக்கத்தில் போடுங்கள் என்றாய்.

"பத்திரிகை பெர்மிட் புதுப்பிக்கிற மாசம்லா. கொஞ்சம் பொறும்மா."

"அது வரைக்கும் அவ எங்கண்ணே படுப்பா?"

அண்ணன் அச்சுக் கோக்க உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் வந்தது. நான்தான் எழுதினேன். அதன் பிறகு கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார்கள். பெர்மிட் வரவே இல்லை. ஏன் என்று எழுதிக் கேட்டோம். அதற்கும் பதில் இல்லை. தோட்டத்தில் மருந்து அடிப்பது நிற்கவில்லை. அஞ்சலையின் தொட்டி வேறொருத்தி முதுகுக்குப் போனது, அவ்வளவுதான்.

அவர்கள் மூவரையும் உன் வாடகை அறையில் வைத்துக்கொண்டாய். அஞ்சலைக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்வரை உன் சாப்பாட்டைப் பங்கு போட்டாய். அவளுடைய அம்மா தோட்டத்தை நினைத்துப் புலம்பிப் புலம்பியே அந்த அறையில் கண்ணை மூடினாள். அஞ்சலை அதன் பிறகு மேடை ஏறவில்லை. எண்பதுகளிலும் நீ பெர்மிட்டுக்கு மனு போட்டுக்கொண்டே இருந்தாய். நாளிதழ்களுக்கு விமர்சனம் அனுப்பினாய். மேடை அலங்காரம் பற்றிய வரிகளை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினார்கள். வெட்டியதைப் படிக்கும்போதெல்லாம் உன் முகம் செத்துப்போகும். "நாம இருக்கோம்னு யாருக்குடீ தெரியும்?" என்று கேட்பாய்.

பிறகு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குச்சியாகக் கிடந்தாய். நான் செபமாலையோடு பக்கத்தில் இருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து, "நான் எழுதாம இருந்திருந்தா அவ அந்த வீட்டுலயே இருந்திருப்பா, இல்ல?" என்றாய். நான் உன் தலையைத் தடவினேன். அந்த வாரமே போய்விட்டாய். எந்தப் பத்திரிகையிலும் உன்னைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தொழிற்சாலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த அஞ்சலையிடம் உன் கேள்வியைச் சொன்னேன். பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இருந்திருப்பேன்தான். அம்மாவும் அவ மண்ணுலயே போயிருப்பா. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அக்கா எழுதுனதப் படிக்கச் சொல்லிக் கேட்டப்பதான், நான் மேடையில என்னா செஞ்சேன்னு எனக்கே வெளங்குச்சி. அதுக்கு முன்னால நான் சும்மா சிரிக்க வச்சேன்னுல்ல நெனச்சிருந்தேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சில வாரம் முந்திக் கேட்டிருந்தால் இதை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். உனக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ, இன்னும் வலித்திருக்குமோ, எனக்குத் தெரியாது. கேட்டவள் நீ போய்விட்டாய். பதில் இத்தனை வருடமாக என்னிடமே கிடக்கிறது.