ஸ்வெட்டரோடு போட்ட எடை

ஐப்பசி, வியாழக்கிழமை.

இன்று ஒன்றிய அலுவலகத்தில் சுகாதாரம், ரேஷன், எங்கள் அங்கன்வாடி என எல்லாத் துறையினரும் ஒரே பட்டியலை வைத்துப் பேசினார்கள். அதில் எங்கள் மாரமங்கலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருப்பது நான் போட்ட எடைதான். எடை குறைந்திருந்த தேவியின் மகன் தேறிவிட்டான் என்று கூடுதல் சத்துமாவையும் டாக்டர் பரிசோதனையையும் நிறுத்தினார்கள். நானும் தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது. போன வாரம் எடை போட்டபோது, குளிருகிறதே என்று அவன் ஸ்வெட்டரை நான் கழற்றவில்லை.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "ரெண்டு நாளா கஞ்சியத் தொடலீங்க டீச்சர்," என்றாள் தேவி. "போன வாரம் எடை போட்டப்ப தேறிட்டான்னு நீங்க சொன்னீங்கல்ல, அதான் ஊட்லயே வெச்சிருக்கறனுங்க."

ஸ்வெட்டரைக் கழற்றினேன். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என் தவறைச் சொல்ல வாய் வரவில்லை.

எடை போட்ட அன்று வேறு யாருடைய ஸ்வெட்டரையாவது கழற்றினேனா? ஒரு பிள்ளையின் வெற்று உடம்புகூட நினைவுக்கு வரவில்லை.