அக்ஷி தாண்டினால் ரேவ்தண்டா

தாராவி
7.1.2025

அன்பு மகள் பொன்செல்விக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிறு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். ரயில் நெரிசலில் போனது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நிஜத்தில் அது அலிபாக் கடலில் போனது.

அங்கே கோட்டைக்குத் தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாம் என்றார்கள். போனேன். நடுக்கடலில் இருக்கும் கோட்டைக்குள் ஒரு கிணறு, தண்ணீர் தித்திக்கிறது! அது எப்படி என்று நாலு பேரிடம் விசாரித்து முடிப்பதற்குள் கடல் ஏறிவிட்டது. கடைசிக் குதிரைவண்டியில் நனைந்த முறுக்கு மாதிரி கரை சேர்ந்தேன்.

அப்புறம் பக்கத்து ஊர் அக்ஷி. பழைய எழுத்து வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. ஓர் எழுத்தும் புரியாமல் கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றார். ஏழாம் வகுப்பு என்று நானும் சொல்லவில்லை.

போனில் உன் குரல் கேட்டால் கோபம் வருகிறது, இல்லாவிட்டால் அழுகை வருகிறது. தாளில் இரண்டும் தெரியாது. முறுக்கு ஆர்டர் பிடிக்கத்தான் உன் ஊர்ப் பக்கம் வருகிறேன். பார்ப்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது? எழுது.

அப்பா
காளிராஜ்

ரேவ்தண்டா
19.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செருப்புக் கதை அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். பேண்ட்டில் உப்புப் பூத்திருந்ததாம்.

அக்ஷி தாண்டினால் எங்கள் ஊர், பஸ்ஸில் அரை மணிகூட ஆகாது. ஊரே கோட்டைச் சுவருக்குள் இருக்கிறது. ஆற்றின் எதிர்க்கரையில் கொர்லாய். அங்கே இன்னும் வீட்டுக்குள் போர்ச்சுகீசு கலந்த ஒரு பாஷை பேசுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும்.

நான் மீன்காரர் வீட்டுப் பிள்ளையைக் கட்டி மூன்று வருஷம் ஆகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர் வீடு தேடி வந்து மறுவீட்டுக்கு அழைத்தால்தான் ஜோடியாகப் பிறந்த வீட்டு வாசல் ஏறவேண்டும் என்பது நம் வழக்கம். அம்மா போனில் கூப்பிட்டாள். அது போதாது. நீங்கள் அழைக்காமல் வரமாட்டேன். பிடிவாதம் உங்களிடம் படித்ததுதான்.

கோட்டை பார்க்க வருகிறீர்களா, எங்களை அழைக்க வருகிறீர்களா?

பொன்செல்வி

தாராவி
10.2.2025

அன்பு மகளுக்கு,

நேற்று உங்கள் ஊர் நிறுத்தம் வந்ததும் எழுந்தேன். திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பஸ் கொர்லாய்க்குப் போனது. பெட்டிக்கடையில் இரண்டு பெண்கள் அந்தப் பாஷையில் சண்டை போட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் யார் பக்கம் நியாயம் என்று தெரிந்துவிட்டது. மூன்று தலைமுறையாகத் தாராவியில் ‘ஏலே’ என்று கூப்பிடுகிறவர்கள் நாம், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பாலம் வழியாக நடந்து வந்தேன். நாலு மைல். அதற்குள் தைரியம் வந்துவிடும் என்று கணக்கு.

மீதியை நீ பார்த்தாய். உன் வீட்டு வாசலில் வலை சரிசெய்துகொண்டிருந்த அந்தப் பையன் எழுந்து, பப்பா, உள்ளே வாங்க என்று இந்தியில் கூப்பிட்டான். நானோ பொம்பில் மீன் எத்தனை நாள் காயும், வலைக்கண் ஏன் இத்தனை சிறிசு, ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். அவனும் சளைக்காமல் சொன்னான். கெட்டிக்காரன். அவன் அம்மா எனக்கு மூன்றாவது டீ ஊற்றியபோது நீ கேட்டாய்:

“வேற எதும் கேக்கணுமாப்பா?”

“அலிபாக்குக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கும்மா?”

நீ எழுந்து உள்ளே போனாய். அந்த முதுகை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்தம் வரை அந்தப் பையன்தான் என் பையைத் தூக்கி வந்தான். கனமாக இருக்கிறதே, விற்காத சரக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன். உள்ளே இருந்தது அவனுக்கு வேட்டி சட்டை, உனக்குச் சேலை, வெற்றிலை பாக்கு. எதையும் நான் வெளியே எடுக்கவில்லை. வெற்றிலை வாடிவிட்டது. வரும் ஞாயிறு புதிது வாங்கி வருகிறேன். நேரில் மறுபடி வாய் அடைத்துக்கொண்டாலும் அடைத்துக்கொள்ளும், அதனால் நேற்று உன் வீட்டில் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்:

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுவீட்டுக்கு வா, தாயி.

அப்பா